மூன்றாவது ஓலைக்கு முன்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா எதனால் செத்துப்போனார் என்று யாராவது கேட்டால் "தோல்ஷாப் தண்ணியால" என்று சொல்லாதீர்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம் பெரியவன் பக்கத்து இலைக்காரரிடம் அப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. அவனைக் குறை சொல்லவில்லை. எங்கள் அப்பா செத்தபோதும் ஊரே அதைத்தான் சொன்னது. நாங்களும் வெகுகாலம் அதையே நம்பிக்கொண்டிருந்தோம். அது அப்படியில்லை என்று எங்களுக்குத் தெரிய வந்த விதத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும்தான் எழுத முடியும்.

எங்கள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். நாற்பத்தைந்து வயது ஆவதற்குள் வயிற்றில் கட்டி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது எங்கள் தெருக் கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் வரும். பாலாற்றுப் பக்கம் போனால் நுரை மிதக்கும். ஒரு மனிதன் வயிறு கெட்டுச் செத்தால் வேறு எதன் மேல் பழி போடுவது? தண்ணீர் கெட்டது உண்மைதான். அதற்காகப் போட வேண்டிய சண்டை வேறு சண்டை. அதை யாரும் விட்டுவிட வேண்டாம்.

அப்பா போன பிறகு எங்கள் அம்மா ஒரே பிடியாக நின்றார்: "பொண்ண தோல்ஷாப் இல்லாத ஊர்லதான் குடுப்பேன்." பெண் என்றால் என் தங்கை, உங்கள் அத்தை. வாணியம்பாடியிலிருந்து வந்த நல்ல வரன், ராணிப்பேட்டையில் கம்பெனி வேலையில் இருந்த வரன், ரெண்டையும் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் கலவையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் அமைந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் உங்கள் பெரியப்பாவும், அதாவது என் அண்ணனும், போனோம். சம்பளம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. கொல்லைப்புறக் கிணற்றில் நாங்களே தண்ணீர் சேந்திக் குடித்தோம். அண்ணன் வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடி யோசித்து, மறுபடி குடித்தார். மாப்பிள்ளையின் அப்பா பயந்துவிட்டார்.

"இன்னா தம்பி, பஸ்ல உப்புக் கருவாடு எதுனா துன்னீங்களா?"

"இல்லீங்க. தண்ணி ஷோக்கா இருக்குது" என்றார் அண்ணன். கல்யாணம் முடிவாகிவிட்டது.

அண்ணனும் தோல்ஷாப்பை விட்டு லாரிக்குப் போய்விட்டார். எந்த ஊருக்குப் போனாலும் கேனில் தண்ணீர் வைத்திருப்பார். நான் மட்டும் தோல்ஷாப்பிலேயே நின்றேன். நான் இருந்தது செலக்‌ஷன் பிரிவு. பதனிட்டுக் காய்ந்த தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, கத்தி பட்டது எது, உண்ணி கடித்தது எது என்று தரம் பிரிக்கிற வேலை. வீட்டில் எல்லாருக்கும் என்னைப் பற்றித்தான் கவலை.

ஆனால் படுத்தவர் அண்ணன். தொண்ணூறுகளின் கடைசி அது. அவருக்கு நாற்பது ஆகவில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புற்று என்று குடலில் பாதியை எடுத்தார்கள். வார்டில் அவர் தேறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்ணுகிறவர். அண்ணனின் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா எத்தனை வயதில் போனார், அப்பாவோடு பிறந்தவர்கள் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் யார் என்று கேட்டுக்கொண்டே போனார்.

அண்ணன் அந்த வலியிலும் சிரித்தார். "மேடம், பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கறீங்களே. எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆய்டுச்சி."

அந்தம்மாவும் சிரித்துவிட்டு, கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார். "இதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆகலாம் அண்ணே. ஒங்களுக்குப் பிரயோஜனப்படாமலும் போகலாம். ஒங்க தம்பி, தங்கச்சிக்கு, பிள்ளைங்களுக்கு ஒதவும்."

"எட்துக்கோங்க மேடம். ஆபரேசன்ல எவ்ளோவோ போச்சி, இது இன்னா பெரிசு."

அடுத்த வருஷம் அண்ணன் போய்விட்டார். அவருடைய ரத்தம் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் குளிர்பெட்டியில் இருந்தது.

வேலூருக்கு ஏதாவது வேலையாகப் போகிறபோதெல்லாம் அங்கே எட்டிப் பார்ப்பேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன அறை. ஒரு மிஷின் முனகிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஏணிப் படி மாதிரி கறுப்புக் கோடு தெரிகிற பிலிம்கள் மேசை நிறைய. கரண்ட் போனால் அன்றைய வேலை போச்சு. வெளிநாட்டிலிருந்து ஐஸில் வர வேண்டிய மருந்து ஒரு தடவை வழியிலேயே கிடந்து சூடேறிக் கெட்டுவிட்டது. அந்த மாதம் பூரா செய்ததை மறுபடி செய்ய வேண்டும். நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். அந்தம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, "சரி, மொதல்லேர்ந்து" என்றார்.

"இன்னும் கெடைக்கலையாம்மா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"பெரிய பட்டணத்துல வீட்டு நம்பர் தெரியாம ஒருத்தரத் தேடுதோம்னு வைங்க. இப்பத்தான் தெரு தெரிஞ்சிருக்கு."

"எல்லா வீட்டையும் தட்டுவீங்களா?"

"பின்னே? தட்டாம விடுவனா?"

அவர் தெருவைத் தேட, நான் சொந்தக்காரர்களைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். போகிற வீடுகளில் கேட்டுக் கேட்டு டாக்டரம்மா எங்கள் வம்சத்தைப் படமாகப் போடுவார். ஆண் என்றால் ஒரு கட்டம், பெண் என்றால் ஒரு வட்டம், நோய் வந்தவர் என்றால் அதைக் கறுப்பாக அடைத்துவிடுவார். நம் ஜனங்கள் புற்றுநோய் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மூலம் என்பார்கள், சூடு என்பார்கள், எவனோ சூனியம் வைத்துவிட்டான் என்பார்கள். என் அப்பாவின் அக்கா ஆற்காட்டில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இறந்தவர். அவரைப் பற்றிக் கேட்டபோது நான், "அது வேற நோய்ம்மா. கர்ப்பப்பைல கட்டி. பொம்பளைங்க சமாச்சாரம்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "எத்தனை வயசுல?"

"நாப்பது இருக்கும்."

வட்டத்தைக் கறுப்பாக அடைத்தார். இந்த வியாதி குடலிலும் வரும், பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் வரும், ஒரே வேர்தான் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அத்தை கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆற்காட்டுத் தண்ணீர் குடித்தவர். எங்கள் தெருக் கிணற்றை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஒரு நாள் கம்பெனி ஆபீசுக்கு போன் வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கொடுத்தார். "அண்ணே, வீடு கெடைச்சிட்டு" என்றார் டாக்டரம்மா.

வேலூருக்குப் போனேன். நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவும் தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டே இருக்கிறதாம். எடுக்கும்போது எழுத்துப் பிழை விழும். அதைத் திருத்துவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்தத் திருத்துகிற ஏற்பாட்டிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அப்பா வழியாக அண்ணனுக்கு வந்திருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. எதில் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இனி எங்களில் யாருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

முதல் ரத்தம் நான் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, தெரிந்துகொள்ள விருப்பமா, வேண்டாமென்றால் அதுவும் சரிதான், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். தெரிய வேண்டும் என்றேன். உங்கள் இரண்டு பேரின் முகமும்தான் கண்ணுக்குள் நின்றது.

எனக்கு இல்லை. எனக்கு இல்லாததால் உங்களுக்கும் இல்லை. இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தத் தூசிக்குள் நின்றவனுக்கு இல்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ வாங்கினேன். பாதி குடிப்பதற்குள் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக அவளுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மூலம் என்று நாட்டு மருந்து தின்றுகொண்டிருந்தாள்.

அவள் வேலூருக்கு வர மாட்டேன் என்றாள். "நான் இங்க நல்ல தண்ணி குடிக்கறேன்ணா. எனக்கு எதுக்கு?" சரி, வீட்டுக்கே போவோம் என்று டாக்டரம்மா கிளம்பினார். ரத்தக் குழாய்கள் வைக்க ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கலவை பஸ்ஸில் உட்கார்ந்தார். நம் பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி என்றால் அது மீன் பெட்டிதானே. நடுவழியில் ஏறிய ஒரு அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"காவேரிப்பாக்கம் ஏரி மீனாம்மா? கிலோ இன்னா வெல?"

"மீன் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"நெத்திலியா?"

"இல்லம்மா, இது வேற."

"சொல்ல மாட்றாங்க பாரு" என்று கண்டக்டரிடம் முறையிட்டார் அந்த அம்மா. "ஓட்டலுக்குன்னு புட்ச்சி வெச்சிருக்காங்க. நம்மள மாதிரி ஏழைங்க கேட்டா இல்லன்றாங்க."

தங்கை சமையல்கட்டில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு, ஆம்பூர் அண்ணனுக்குத் தெரிந்த டீச்சர் வந்திருக்கிறார் என்று சொன்னாள்.

சில வாரம் கழித்து, தங்கை தன் கணவரோடு ஆம்பூருக்கு வந்திருந்தபோது, டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். தங்கைக்கு இருந்தது. உடனே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது.

தங்கை அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மூணு ஓலையும் முடியட்டும்" என்றாள்.

அப்போது அவள் மகளுக்குக் காவேரிப்பாக்கத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் தெரிவிக்கலாம் என்று சபைப் போதகர் ஐயர் சொல்வார். சபையே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் தங்கை பயந்தாள். பெண்ணின் அம்மா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றாள். ஓலை முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் மறுவீடு, அப்புறம் தாய்மாமன் விருந்து. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பேச்சில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கலவைக்குப் போனேன். மறுநாள் முதல் ஓலை. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்க செலக்‌ஷன் டேபிள்ல ரெண்டு செக்கர் இருக்காங்கன்னு வெச்சிக்கோ" என்றேன். "ஒருத்தன் கண்ணுக்குத் தப்புனா இன்னொருத்தன் புடிப்பான். எல்லாருக்கும் ஒடம்புல அப்டி ரெண்டு பேரு. ஒனக்கு ஒருத்தன் பொறக்கும்போதே லீவு. இருக்கற ஒருத்தனும் ஒரு நாள் அசந்தான்னா கெட்ட சரக்கு உள்ள பூந்துடும். அண்ணனுக்குப் பூந்துச்சி. நாம தண்ணியப் பாத்துக்கினே இருந்தோம்."

"ஆமா, என்னை தோல் மாதிரி வெளிச்சத்துல விரிச்சிப் பாக்கப் போறாங்களா?"

"விரிக்கல. உள்ள லைட் விடுவாங்க."

"சீ, போண்ணா. பேஜாரு." முறத்தை வேகமாகத் தட்டினாள். "மூணு வாரந்தானே. வர்றேன்னு சொல்றேன் இல்ல?"

"மூணு வாரம் இல்ல. மறுவீடு சொன்ன, விருந்து சொன்ன. அப்புறம் பேரன் பொறப்பான்."

"பொறக்கட்டுமே. ஒனக்கு இன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி. மூணாவது ஓலை அன்னிக்கி நான் கோயில்ல இருப்பேன். ஐயர் தடை எதுனா உண்டான்னு கேக்கறப்ப நான் எழுந்து நிப்பேன்."

முறம் நின்றது. "நின்னு இன்னா சொல்லுவ?"

"பொண்ணோட அம்மாவுக்கு ஒடம்பு செரியில்ல, அவ ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் ஓலை நிக்கட்டும்னு சொல்லுவேன்."

"தாய்மாமனே எழுந்து நின்னா ஊரு சிரிக்கும்ணா."

"சிரிக்கட்டும். அண்ணனப் பொதைச்சப்போ அழுதாங்களே, அதுக்கு இது மேலு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நிற்பேன் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கள் அம்மா வரன்களைத் திருப்பி அனுப்பியபோது இருந்த முகம் அப்போது என் முகமாக இருந்திருக்கும். உள்ளே அவள் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து, "ம்மா, கல்யாணத்துக்கு நகை எடுக்க வேலூருக்குப் போறோம்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?" என்றாள்.

தங்கை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரு கட்சி" என்றாள். அப்புறம், "எப்ப போகணும்?" என்றாள்.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் நம் வீட்டுக்கு வந்தாள். குடலைச் சுத்தம் பண்ண உப்புக் கரைசல் சொம்பு சொம்பாகக் குடிக்க வேண்டும். அவள் குடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள். பாத்ரூம் அவளுக்கே தேவைப்பட்டதால் நீங்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

வேலூரில் அவளை உள்ளே கொண்டுபோனபோது டாக்டரம்மா என்னோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தம்மாவுக்கும் அது வெறும் ஆராய்ச்சியாக இல்லை என்பதை நகத்தைக் கடித்ததில் பார்த்தேன்.

பார்த்த டாக்டர் வெளியே வந்து சொன்னார். ரத்தம் போனது மூலத்தால்தான். ஆனால் குடலின் வலதுபக்கம், யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், ஒரு வேர்க்கடலை அளவில் ஒன்று வளர்ந்திருந்தது. அதைக் கம்பி போட்டுச் சுருக்கி எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில், இன்னும் புற்றாகவில்லை, ஆகப் போகிற நிலையில் இருந்தது என்று வந்தது. விட்டிருந்தால் அண்ணன் போன வழிதான் என்றார்கள். இனி வருஷா வருஷம் பார்க்க வேண்டும், பெண்களுக்கான பரிசோதனையும் சேர்த்து.

மயக்கம் தெளிந்த தங்கை முதலில் சொன்னது: "நான்தான் சொன்னேனே, மூலம்னு. என் பேச்ச எவன் கேட்டான்?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து பார்த்தார். நகை எடுத்ததற்கு அடையாளம் காட்ட வேண்டுமே என்று ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

மகளுக்கும் இருக்கலாம் என்பதை மாப்பிள்ளைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணே பிடிவாதம் பிடித்தாள். தங்கை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை, சொல்லிவிட்டாள். பையன் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் தங்கை சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வருஷத்துக்கு ஒரு தபா செக்கப். அவ்ளோதானே? எங்கப்பா சுகருக்கு மாசா மாசம் போறாரு" என்றான். பரிசோதனையை எப்போது செய்துகொள்வது என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஓலை அன்று நான் கலவைக் கோயிலில் ஆண்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் தடை உண்டா என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தங்கை பெண்ணை வேனில் ஏற்றிவிட்டு, எல்லாத் தாயும் அழுவது மாதிரி அழுதாள். உங்களையும் அம்மாவையும் முதல் பஸ்ஸில் ஆம்பூருக்கு அனுப்பிவிட்டு, பந்தல்காரரோடு கொஞ்சம் வேலை இருந்ததால் நான் தங்கினேன். அது முடிந்து கலவை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. ஆற்காட்டில் செத்துப்போன அத்தைக்கு ஒரு மகன் இருக்கிறார். ஏதோ பழைய மனஸ்தாபத்தில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. அவருக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. காசைப் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"யாரு?"

"மச்சான், நான்தான், ஆம்பூர்லேர்ந்து" என்றேன். "வெச்சிடாத."